நம் தொகுதி எது?

சென்ற நவராத்திரியின்போது நண்பர் ஒருவர் வீட்டுக் கொலுவுக்குச் சென்றிருந்தேன். தாம்பூலம் பெற வந்த மாதர்கள் ஒருபுறம் பாடிக்கொண்டிருக்க, அவர்களை அழைத்து வந்த நாங்கள் மற்றொருபுறம் சுண்டலும் பேச்சுமாக அமர்ந்திருந்தோம். தில்லித் தமிழர் நால்வர் கூடினால் பேச்சு எங்கே சென்று நிற்கும் என்பது நேயர்கள் அறிந்ததே. ஒருவர், மயிலாடுதுறையில் அடுத்த தேர்தலில் யார் நிற்பார் என்று ஜோசியம் கூறினார். மற்றொருவர், தம் தாலுகாவில் பாலம் கட்டித் தராத சட்டசபை அங்கத்தினரை வைதார். மூன்றாமவர், காரைக்குடிப் பக்கம் தாம் சிறுவயதில் கண்ட தேர்தல் கூட்டமொன்றை மேடை, விளக்கு, மாலை உட்பட வருணித்தார்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் மகன், டப்ளின் நகரில் இரண்டாண்டு படித்துவிட்டு அண்மையில் திரும்பியவன், மெல்ல வாய் திறந்தான்.

“மாமா, அயர்லாந்தில் ஒருவர் இருபத்து நான்கு வயதில் பார்லிமெண்டுக்குப் போய், முப்பத்தேழு வயதில் பிரதம மந்திரி ஆனார். அதைக் காட்டிலும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. நான் குடியிருந்த தெருவில், கடை ஒன்றின் மாடியில், அத்தொகுதி அங்கத்தினரின் காரியாலயம் இருந்தது. சனிக்கிழமையானால் கிழவிகளும் மாணவர்களும் கையில் காகிதத்தோடு அந்தப் படியை ஏறுவார்கள். ஒருவருக்குப் பென்ஷன் வரவில்லை. ஒருவர் தெருவில் விளக்கு எரியவில்லை. டாக்டரிடம் போவதுபோல் போவதால் அதற்குக் ‘கிளினிக்’ என்றே பெயர். சரி, நம் வட்டாரத்துக்கு மாநகராட்சி அங்கத்தினர் யார், மாமா?”

சபையில் பேச்சு நின்றுவிட்டது. நாற்பது ஆண்டுகளாக இந்நகரில் குடியிருப்பவன் நான். மாதந்தோறும் இப்பக்கத்தில் நேயர்களுக்கு ஊர் நடப்பை எடுத்துச் சொல்பவன். எனக்கும் விடை தெரியவில்லை. சுண்டல் கிண்ணத்தோடு அவ்வழியே வந்த வீட்டு அம்மாள்தான் பெயரைச் சொன்னார். “சாக்கடை அடைப்புக்காக மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேனே!” என்றார். அந்த வெட்கமே இம்மாதக் கட்டுரைக்குக் காரணம்.

இளைஞன் குறிப்பிட்டவர் சைமன் ஹாரிஸ் என்பவர். 1986-இல் பிறந்தவர், டப்ளினுக்குத் தெற்கே, கடற்கரையோரத்திலுள்ள கிரேஸ்டோன்ஸ் என்னும் சிற்றூரினர். அவர் தம்பிக்கு ஆட்டிசம் இருந்தது. அத்தகைய குழந்தைகளுக்கு உரிய உதவி கிடைக்கவில்லையென்று கண்டு, பள்ளி மாணவராக இருந்தபோதே அவ்வட்டாரப் பெற்றோர்களை ஒன்றுதிரட்டினார். பொதுவாழ்வுக்கு அவர் வந்த வாசல் அதுதான். 2009-இல் உள்ளூர் மன்றத்தின் அங்கத்தினர். 2011-இல் ‘டாயில்’ எனப்படும் மக்கள் சபையின் அங்கத்தினர். 2016-இல் சுகாதார மந்திரி. 2024 ஏப்ரலில் பிரதம மந்திரி. 2025 ஜனவரி வரை அப்பதவியில் இருந்தார். அவருடைய கட்சியும் கொள்கையும் நமக்கு இங்கே பொருளல்ல. ஒரு வீட்டின் கவலை ஊரின் கவலையாகி, ஊரின் கவலை ஒருவரைச் சபைக்கு அனுப்பியது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இதில் மனிதரின் குணம் பாதி, ஏற்பாட்டின் தன்மை பாதி என்று சொல்ல வேண்டும். 20,000 முதல் 30,000 ஜனங்களுக்கு ஓர் அங்கத்தினர் என்பது அயர்லாந்து அரசியல் சாசனத்தின் விதி. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு ஜனத்தொகை 51 லட்சம். 2024 தேர்தலில் அமைந்த சபையின் அங்கத்தினர் 174 பேர். மேலும், ஒவ்வொரு தொகுதிக்கும் மூவர் முதல் ஐவர் வரை அங்கத்தினர் உண்டு. ஆதலால் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்களே ஒருவருக்கொருவர் போட்டியாகின்றனர். ஒருவர் வாசலை மூடினால் ஜனங்கள் அடுத்தவர் வாசலுக்குச் சென்றுவிடுவர். தெருவிளக்கைக் கவனிப்பதிலேயே காலம் கழிந்து, சட்டம் இயற்றும் பெரும்பணி குன்றுகிறது என்று அந்நாட்டிலேயே குறை கூறுவோரும் உளர். குறை உண்டுதான், எனினும் வாசல் திறந்திருக்கிறது.

நிற்க. நம் தில்லியில் இத்தகையவர் எவரேனும் உண்டா என்று அன்றிரவு யோசித்தேன். உண்டு. அவர் பெயர் சௌதரி பிரம்ம பிரகாஷ்.

நம்மைப் போலவே அவரும் ஒரு வகையில் பிற இடத்திலிருந்து வந்தவர். 1918-இல் அவர் பிறந்தது ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவில். இளமையில் குடும்பத்தோடு தில்லிக்கு வந்தார். நகருக்கு வடமேற்கே இருந்த ஷகூர்பூர் கிராமம் அவருடைய இடமாயிற்று. 1940-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டார். 1942-இல் தலைமறைவாக இருந்து தில்லியில் போராட்டம் நடத்தினார். பலமுறை சிறை சென்றார். சுதந்திரம் வந்தபின், தில்லிக்கு முதன்முதலாகச் சட்டசபைத் தேர்தல் நடந்தபோது, நாங்லோய் ஜாட் என்னும் கிராமப்புறத் தொகுதியில் வெற்றி பெற்றார்.

முதன்மந்திரிப் பதவிக்கு முதலில் எதிர்பார்க்கப்பட்டவர் தேசபந்து குப்தா. ‘தேஜ்’ பத்திரிகையை நடத்தியவர். தில்லிக்குத் தனி ஆட்சி வேண்டுமென்று அரசியல் நிர்ணய சபையில் வாதாடியவர். 1951 நவம்பரில் விமான விபத்தில் அவர் காலமானார். கரோல் பாக் வாசிகளான நம் நேயர்கள் அன்றாடம் கடந்து செல்லும் தேசபந்து குப்தா சாலை அவர் பெயரைத் தாங்கியது. அவர் மறைவுக்குப் பின், 1952 மார்ச் 17 அன்று, முப்பத்து நான்கு வயது நிறையாத பிரம்ம பிரகாஷ் தில்லியின் முதல் முதன்மந்திரியானார்.

அன்றைய தில்லி எத்தகையது? 1941-இல் 9 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1951-இல் 17 லட்சத்து 44 ஆயிரமாகப் பெருகியிருந்தது. பிரிவினையால் வீடிழந்து வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர். குடியிருக்க இடமும், குடிக்க நீரும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேண்டி ஜனங்கள் அலைந்த காலம். சட்டசபையில் இருந்த ஸ்தானங்கள் 48. அதாவது ஏறத்தாழ 36,000 ஜனங்களுக்கு ஓர் அங்கத்தினர். கிட்டத்தட்ட அயர்லாந்துக் கணக்குத்தான்!

ஆனால் வாசல் இருந்ததேயன்றி, வீட்டுக்குள் சாமான் இல்லை. தில்லி அப்போது ‘சி’ பிரிவு ராஜ்யம். 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி, போலீஸ் அச்சட்டசபையின் அதிகாரத்துக்குப் புறம்பானது. மாநகராட்சி முதலிய உள்ளூர் மன்றங்களின் அமைப்பு, குடிநீர், வடிகால், மின்சாரம், போக்குவரத்து ஆகியவற்றை நடத்தும் அமைப்புகள், மத்திய சர்க்காருக்குச் சொந்தமான நிலமும் கட்டடங்களும் ஆகிய இவையும் அப்படியே. ஜனங்கள் ஓர் அங்கத்தினரிடம் எவையெவற்றுக்காக ஓடி வருவார்களோ, அவற்றில் பலவும் அவர் கைக்கு எட்டாதவை. எல்லாவற்றுக்கும் மேலே மத்திய சர்க்கார் நியமித்த பிரதமக் கமிஷனர் இருந்தார்.

இந்நிலையில் ஓர் இளைஞர் என்ன செய்வார்? கைக்கு எட்டியதைச் செய்தார். அவருடைய மந்திரிசபைக் காலத்தில் தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டமும் பஞ்சாயத்து ராஜ் சட்டமும் 1954-இல் இயற்றப்பட்டன. ஜமீன்தாரி முறை அகன்று, உழுத குடியானவர் ‘பூமிதார்’ என்னும் உரிமை பெற்றனர். எட்டாததற்காக வாதாடினார். ஜனங்கள் தேர்ந்தெடுத்த மந்திரி பெரியவரா, நியமிக்கப்பட்ட அதிகாரி பெரியவரா என்னும் வழக்கு மூண்டது. அவருடைய கட்சிக்குள்ளும் பூசல்கள் இருந்தன. 1955 பிப்ரவரி 12 அன்று அவர் பதவியிலிருந்து விலகினார். குருமுக் நிஹால் சிங் அடுத்த முதன்மந்திரியானார். 1956 நவம்பர் 1 அன்று, ராஜ்யங்களின் புனரமைப்பில், சட்டசபையே இல்லாமற் போயிற்று.

அயர்லாந்துக்காரர் பிரதம மந்திரியான வயது முப்பத்தேழு. நம் பிரம்ம பிரகாஷ் அந்த வயதை எட்டுமுன்பே முன்னாள் முதன்மந்திரியாகிவிட்டார். பதவியும் போயிற்று, சிறிது காலத்தில் அப்பதவி இருந்த சபையும் போயிற்று. வேறொருவராயின் மனம் கசந்து ஒதுங்கியிருப்பார். அல்லது பெரிய பதவிக்காகக் காத்துக்கிடந்திருப்பார்.

இவரோ தம் ஜனங்களிடமே திரும்பினார். 1957-இல் தில்லி சதர் தொகுதியிலிருந்து லோக் சபைக்குச் சென்றார். 1962-இலும் 1967-இலும் கிராமங்கள் நிறைந்த வெளி தில்லித் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. இவற்றுள் 1967-ஆம் ஆண்டு வெற்றி குறிப்பிடத்தக்கது. தில்லியின் ஏழு ஸ்தானங்களில் ஆறில் அவருடைய காங்கிரஸ் கட்சி ஜனசங்கத்திடம் தோற்றது. எஞ்சிய ஒன்று இவருடையது. அலை எதிர்த்து வீசும்போதுதான் ஒருவரின் வேர் எவ்வளவு ஆழம் என்பது தெரியும். 1977-இல் ஜனதா கட்சியின் சார்பில் மீண்டும் வென்றார், 1979-இல் சிறிது காலம் மத்திய விவசாய மந்திரியாக இருந்தார், 1980-இல் தோற்றார். ஷகூர்பூர் வீட்டிலிருந்து பஸ் ஏறி, சக பிரயாணிகளிடம் குறைகேட்டவாறு அவர் சென்றதைப் பின்னாளில் பலர் நினைவுகூர்ந்திருக்கின்றனர்.

அவர் உள்ளம் தோய்ந்த பணி கூட்டுறவு இயக்கம். உறுப்பினர் தாமே சேர்ந்து தாமே நடத்த வேண்டிய சங்கங்களைச் சர்க்கார் அதிகாரிகள் தம் கைக்குள் வைத்திருப்பது தகாது என்பது அவர் கொள்கை. திட்டக் கமிஷன் 1990-இல் அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். அக்குழு 1991-இல் ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்தளித்தது. 1995-இல் ஆந்திரம் இயற்றிய கூட்டுறவுச் சட்டம் அவ்வழியில் வந்தது. நேயர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். முப்பத்தாறாம் வயதில், ஜனங்கள் தேர்ந்தெடுத்தவருக்கே அதிகாரம் வேண்டும் என்று வாதாடிப் பதவி இழந்தவர், எழுபது கடந்த பின்பும் அதே வழக்கைச் சிறு சங்கங்களின் சார்பில் வாதாடிக்கொண்டிருந்தார்!

1993 ஆகஸ்டில் அவர் காலமானார். அவ்வாண்டின் இறுதியில் தில்லிச் சட்டசபை மீண்டும் கூடியது. முப்பத்தேழு ஆண்டுகள் இல்லாதிருந்த சபை திரும்பி வந்ததைக் காண அதன் முதல் முதன்மந்திரிக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2001-இல் தபால் இலாகா அவர் நினைவாக முத்திரை வெளியிட்டது.

“அவர் வடநாட்டவர், அவர் ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் வந்தேறியவர்கள், நமக்கென்ன?” என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு மற்றொரு பெயரைச் சொல்கிறேன். அதே வெளி தில்லித் தொகுதி 1952-இலும் 1957-இலும் லோக் சபைக்கு அனுப்பியவர்களுள் ஒருவர் ஸி. கிருஷ்ணன் நாயர். அவர் மலையாளி; காந்தியத் தொண்டர். ஜாட் குடியானவரும் மற்றவரும் வாழும் வட்டாரத்தில் அவருக்குச் சாதிப் பலமோ, மொழிப் பலமோ ஏது? எங்கிருந்து வந்தார் என்று அவ்வூரார் பார்க்கவில்லை. யாரோடு இருக்கிறார் என்று பார்த்தார்கள்.

இனி இன்றைய கணக்குக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் தில்லியின் ஜனத்தொகை 1 கோடியே 68 லட்சம். சட்டசபை ஸ்தானங்கள் 70. அதாவது 2 லட்சத்து 40 ஆயிரம் ஜனங்களுக்கு ஓர் அங்கத்தினர். 1952-இல் இருந்ததைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். பிரம்ம பிரகாஷின் பழைய வெளி தில்லித் தொகுதியோ, 2008-இல் பிரிக்கப்படுமுன், 2004 தேர்தலில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்டிருந்தது. அவ்வளவு பேருக்கும் ஒரே ஓர் அங்கத்தினர்! இத்தனை பெரிய தொகுதியில் எந்த உத்தமர் வாசலைத் திறந்து வைத்தாலும் எல்லாரும் நுழைய முடியாது. ஆகவே, நமக்கு அருகிலுள்ள வாசல் மாநகராட்சி வார்டுதான். 2022-இல் திருத்தி அமைத்தபின் அவை 250; ஒவ்வொன்றுக்கும் சுமார் 66,000 ஜனங்கள். அந்த வாசலையும் நாம் அறியாதிருந்தால் குறை யாருடையது?

கொலு முடிந்த அடுத்த ஞாயிறு, அந்த அம்மாளோடும் அவர் மகனோடும் நானும் அந்த அங்கத்தினரின் இல்லத்துக்குச் சென்றேன். அரைமணி காத்திருந்தோம். எங்கள் தெருவின் வடிகால் விஷயத்தை எனக்குத் தெரிந்த ஹிந்தியில் எடுத்துரைத்தேன். அவர் மரியாதையாகவே கேட்டார், குறித்தும் கொண்டார். பிறகு, “உங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை? பட்டியலில் உங்கள் பெயர் எந்தச் சாவடியில் வருகிறது?” என்று வினவினார். முதல் கேள்விக்குத் தடுமாறினேன். இரண்டாவதற்கு மௌனம் சாதித்தேன். ஏனெனில் என் பெயர் தில்லிப் பட்டியலிலேயே இல்லை. கிராமத்துப் பட்டியலில் இருந்த பெயரைக் குலதெய்வத்தின் விபூதிபோல் நாற்பது ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். கிராமத்தில் வீடு இருக்கிறதென்னும் காரணம் மட்டும் ஒருவரை அவ்வூர் வாசியாக்கிவிடாது என்பதும், சாதாரணமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேதான், அதுவும் ஓரிடத்தில் மட்டுமே, பெயர் இருக்க வேண்டும் என்பதும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளவை. சர்க்கார் உத்தியோகத்தில் எத்தனையோ சட்டங்களைப் புரட்டிய எனக்கு இதைப் பார்க்கத் தோன்றவில்லை.

இஃது ஏதோ உத்தியோகஸ்தர் வீட்டுச் சோம்பல் என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2025 ஜூன் 1 அன்று, ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் ஓரமாக இருந்த மதராஸி கேம்ப், நீதிமன்ற உத்தரவின்படி அகற்றப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்த நம் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். குடிசைகள் 370, நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை என்று கொள்ளப்பட்டவை 189 குடும்பங்கள். தில்லியின் 2015-ஆம் ஆண்டுப் புனர்வாழ்வுக் கொள்கையில், குறிப்பிட்ட ஆண்டுகளின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருத்தல் நிபந்தனைகளுள் ஒன்று. நமக்கு ஒரு காகிதமாகத் தோன்றுவது, ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கூரையாகிவிடுகிறது. அக்காகிதத்தை அவர்கள் உரிய காலத்தில் பெற, படித்த நம்மில் எத்தனை பேர் உடன் சென்றோம்? நான் சென்றதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நரேலா வட்டாரம் முன்னர் வெளி தில்லித் தொகுதியைச் சேர்ந்தது. பிரம்ம பிரகாஷும் கிருஷ்ணன் நாயரும் நடந்த மண்ணில் இப்போது நம் மக்களும் குடியேறியுள்ளனர்.

ஊரை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. திருவிழாவுக்குச் செல்லுங்கள், கோயில் திருப்பணிக்குப் பணம் அனுப்புங்கள், மயிலாடுதுறைத் தேர்தல் முடிவையும் ஆவலோடு பாருங்கள். ஆனால் குழாயில் நீர் வருவதும், பிள்ளைகள் போகும் பாதையில் விளக்கு எரிவதும், நம் பள்ளிகளுக்கு முன்னுள்ள சாலை செப்பனிடப்படுவதும் இவ்வூர்க் காரியங்கள். வாக்கு அங்கும் வாழ்க்கை இங்குமாக இருந்தால், இங்குள்ள அங்கத்தினர் நம்மைக் கவனிக்கவில்லையென்று கடிந்துகொள்ள நமக்கு என்ன பாத்தியதை?

நேயர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். இவ்விதழைக் கீழே வைக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். உங்கள் வார்டு எது? அதன் அங்கத்தினர் யார்? உங்கள் வீட்டில் பதினெட்டு வயது நிரம்பியவர் அனைவரின் பெயரும் இவ்வூர்ப் பட்டியலில் உண்டா? புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. வசிப்பிடம் மாறியவர்களுக்குப் படிவம் 8. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடமும், காய்கறி கொண்டு வரும் நம் ஊர்க்காரரிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். தேவையெனில் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.

என் படிவத்தை நண்பரின் மகன்தான் நிரப்பித் தந்தான். “மாமா, நாற்பது வருஷத்துக்குப் பிறகு நீங்கள் தில்லிக்குக் குடிவந்துவிட்டீர்கள்!” என்று சிரித்தான். வடிகால் விஷயம் இன்னும் பாதியில் நிற்கிறது. வரும் ஞாயிறு மறுபடியும் செல்லவிருக்கிறோம். இம்முறை தெருவிலுள்ள பதினோரு தமிழ்க் குடும்பங்களின் கையொப்பத்தோடு.